மூன்று துளைக்கு லீவு கிடையாது

ஜவ்வாது மலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், தேன் வாங்கினாயா, அருவி பார்த்தாயா என்று கேட்கிறார்கள். அருவி பார்க்கவில்லை. தேன் ஒரு பாட்டில் வாங்கினேன். அது பையிலிருந்து கசிந்து பக்கத்துச் சீட்டுக்காரரின் வேட்டியில் ஒட்டிக்கொண்டது, அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன். நான் மலைக்குப் போனது ஒரு தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க. வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உண்மையில் போனது ஒருத்தியின் வயிறு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க.

ஒடுகத்தூரில் எனக்குத் தையல் கடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மெஷினில் உட்கார்ந்தவள். கவலைப்படுவதில் மட்டும் பெரிய படிப்புப் படித்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். அப்படிப்பட்டவளுக்குப் பித்தப்பையில் கல் என்று சொன்னால் எப்படி இருக்கும். வயிற்றைக் கிழிக்க மாட்டோம், நான்கு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, மற்றதில் கருவிகளை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே பையை எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர். "டிவிய பாத்துகினு வெட்டுனா கை எங்கியாவது போய்டாதா சார்? கரண்ட் போனா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். கவலைப்படுகிறவளைப் பார்த்து எல்லோரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் பச்சையம்மா. மலையில் சாமை விதைக்கிற வீட்டுக்காரி, மூன்று பிள்ளை பெற்றவள். தொப்புளை ஒட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்றார்கள். அவளுக்கு இடப்பக்கம் மூன்று துளை போட்டு, உள்ளே வலை ஒன்றை வைத்துக் கிழிந்த இடத்தை மூடினார்கள். எனக்கு அது உடனே புரிந்தது. ரவிக்கையில் அக்குள் கிழிந்தால் உள்பக்கமாக ஒட்டுத் துணி கொடுப்போமே, அந்த வேலைதான்.

மறுநாள் எனக்குத் தோள்பட்டை வலித்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? மாரடைப்பு என்றே முடிவு செய்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் சொல்லிவிட்டேன். நர்ஸ் வந்து, "வயித்துல காத்து அடிச்சி உப்ப வச்சிதாம்மா உள்ள பாப்பாங்க. மிச்சம் மீதி காத்து அந்த வலிய குடுக்கும். எழுந்து நடங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. பச்சையம்மாதான் தன் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் என்னை எழுப்பி, வராண்டாவில் நடக்க வைத்தாள். "காத்துக்கா பயப்புடுற, எங்க மலையில வந்து பாரு காத்த" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளிடம், வலையோடு சதை சேர்ந்து பிடிக்கும் வரைக்கும், ஒன்றரை மாதமாவது, கனமான எதையும் தூக்கக்கூடாது என்று நல்ல தமிழில்தான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். படியில் இறங்கும்போது என் காதருகே வந்து கேட்டாள். "அக்கா, சாமைக் கட்டு கனத்துல சேருமா? அது காஞ்சதுதான?"

அப்போதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்தக் குழப்பத்தில்தான் என் தூக்கு அவளிடமும் அவள் தூக்கு என்னிடமும் மாறிப்போனது. திரும்பவும் வந்து காட்டச் சொன்ன நாளில் நான் போனேன், அவள் வரவில்லை. போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அவள் தலையில் சாமைக் கட்டோடு வரப்பில் நடப்பதும், வலை பிய்ந்துபோவதும், பகலில் பட்டன் தைக்கும்போதுகூட எனக்குக் கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் வயிற்றிலிருந்து எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கடைக்கு எடுத்துப் போய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குலுக்கிக் காட்டினார், என்னமோ அவர் பெற்றதுபோல. கல்லுக்கு இருந்த மரியாதை கல்லைச் சுமந்தவளுக்கு இல்லை. நாத்தனார் வந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, கொசு கடிச்சாப்ல கீது" என்றாள். மறுநாளே அடுப்பும் மெஷினும் என்னிடம் வந்துவிட்டன.

டாக்டர் சொன்ன ஒன்றரை மாதம் முடியும் முன்பே அவள் தூக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டேன். முதல் நாள் பஸ்ஸில் ஏறியதிலிருந்தே கோபம் தொடங்கிவிட்டது. உர மூட்டை, கோழிக்கூடை, சிமென்ட் ஷீட் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. எனக்கு இல்லை. சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனிடம், "தம்பி, எனக்கு ஆபரேஷன் ஆயிருக்குதுப்பா, கொஞ்சம் எடம் குடு" என்றேன்.

அவன் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தான். "எங்கம்மா ஆபரேஷன்?"

"வயித்துல."

"நல்லாத்தான நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் ஏறினார். கட்டை விரலில் இத்தனை பெரிய கட்டு. வெங்காயம் நறுக்கும்போது பட்டதாம். அதே பையன் எழுந்து, "உக்காருங்கண்ணே" என்றான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டு மலை ஏறினேன்.

ஒவ்வொரு வளைவிலும், பித்தப்பையை எடுத்த இடத்தில் உள்ளே போட்ட கிளிப் கழன்றுவிட்டதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பாதி மலையில் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டு நின்றது. கண்டக்டர் எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார். கார்த்திகை மாதத்துத் தூறல். கீழே எங்கள் ஊரில் இந்த நேரம் கொசு ரீங்காரம்தான் இருக்கும், இங்கே குளிர் பல்லைத் தட்டியது. விரல்காரர் என் பக்கத்தில் நடந்து வந்தார். "ஆபரேஷன்னு சொன்னீங்களே, எத்தினி தையலு?" என்று கேட்டார்.

"துளைக்கு ஒண்ணுதாங்க."

"அவ்ளோதானா? எனக்கு வெரல்லயே மூணு" என்றார் பெருமையாக. விறுவிறுவென்று முன்னே நடந்தேன். அவரை முந்துகிற வேகத்தில் நடந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது, உடனே அதற்கும் பயந்தேன்.

பச்சையம்மாவின் ஊருக்குப் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மண்பாதையில் இறங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்திருந்த அவள் வீட்டுக்காரர் கோவிந்தன் வழியில் எதிர்ப்பட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். ரொம்பப் பேசாத மனிதர். வீடு நெருங்கும்போது ஒருத்தி இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். யாரோ என்று நினைத்தேன். குடத்துக்குக் கீழே பச்சையம்மாவின் முகம் சிரித்தது.

"அக்கா, தூக்க குடுக்கவா இம்மாந்தூரம் வந்த?"

"எறக்கு" என்றேன். "மொதல்ல அத எறக்கு. டாக்டர் இன்னா சொன்னாரு?"

"கனம் தூக்காதன்னாரு. இது தண்ணிதான அக்கா."

கோவிந்தனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நான் சண்டை போடுவதற்காக வாயைத் திறந்தேன், பச்சையம்மாவே முந்திக்கொண்டாள். "அவர ஒண்ணும் சொல்லாத. ஆம்பள தண்ணி எடுத்தா, பொண்டாட்டி ஆட்டம் காட்டுறான்னு ஊரே பேசும். எடுக்கத்தான் செஞ்சாரு, ரெண்டு நாளு. நான்தான் வேணான்னேன்."

ராத்திரிச் சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். பித்தப்பை போனதிலிருந்து எண்ணெய் என்றாலே எனக்கு நடுக்கம். "எண்ணெ கம்மியா ஊத்துனியா?" என்று கேட்டேன். "இருந்தாதான அக்கா ஊத்தறதுக்கு" என்றாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் ஊர் அரிசிச் சோறு இப்போதெல்லாம் எனக்கு நெஞ்சிலேயே நிற்கிறது. இது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சாப்பிடும்போதுதான், அவள் ஏன் காட்ட வரவில்லை என்பதைச் சொன்னாள். அன்றைக்கு ஒரு வீட்டில் சாமை அறுப்பாம். நாளைக் காலையில் காளியம்மா என்கிறவள் வீட்டு அறுப்பாம். இரண்டுக்கும் இவள் போயாக வேண்டுமாம்.

அங்கே எட்டு வீடு சேர்ந்து ஒரு செட். ஒரு வீட்டு அறுப்புக்கு மற்ற ஏழு வீட்டிலிருந்தும் ஆளுக்கொருத்தி வருவாள். கூலி கிடையாது. வந்தவள் வீட்டுக்கு இவள் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். அறுத்து, கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து, களத்துப் பாறைக்குக் கொண்டுபோய்ப் போடுவது பெண்கள் வேலை. பச்சையம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று அவள் நிலத்தை முதலிலேயே அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது இவள் ஏழு வீட்டுக்கும் போயாக வேண்டும். போகாவிட்டால் அடுத்த வருஷம் இவள் சாமையை மயில்தான் அறுக்கும்.

"ஒடம்பு சரியில்லன்னா வுட மாட்டாங்களா?"

"வுடுவாங்க. புள்ள பெத்தா வுடுவாங்க. சாவு விழுந்தா வுடுவாங்க. கட்டு போட்ட காயம்னா வுடுவாங்க. போன வருசம் ஒருத்திக்குக் கையில மாவுக்கட்டு, முழு அறுப்பும் வுட்டுட்டாங்க. எனக்கு இன்னா கீது காட்றதுக்கு?"

இரண்டாம் நாள் காலையில் நானும் அவளோடு காளியம்மாவின் சாமைக் கொல்லைக்குப் போனேன். பனி விலகாத சரிவில் ஆறேழு பெண்கள் அரிவாளோடு நின்றார்கள். நடுவில் காளியம்மா. ஐம்பது தாண்டியிருக்கும், தோள்கள் ஆண்பிள்ளைத் தோள்கள். செட்டுக்கு அவள் சொல்வதுதான். நான் யார் என்று பச்சையம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் பேசத் தொடங்கிவிட்டேன். ஆபரேஷன் ஆனவளை இப்படி வேலைக்குக் கூப்பிடுவது நியாயமா, உள்ளே வலை பிய்ந்தால் யார் பொறுப்பு, திரும்பவும் குடல் வெளியே வந்தால் யார் பார்ப்பது என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

காளியம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு பச்சையம்மாவிடம், "எங்க, காட்டு" என்றாள்.

பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். பச்சையம்மா முந்தானையை விலக்கினாள். மூன்று புள்ளி. ஒன்று கொஞ்சம் கறுத்திருந்தது, மற்ற இரண்டும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"முள்ளு கீச்சுனாக்கூட இதவிட பெரிசா கீச்சும்" என்றாள் ஒருத்தி.

"எம் மாடு நக்குனா இவ்ளோ வரும்" என்றாள் இன்னொருத்தி.

காளியம்மா தன் புடவையை இறக்கினாள். தொப்புளுக்குக் கீழே கயிறு வைத்துத் தைத்ததுபோல் நீளமான வடு. "கர்ப்பப்பை எடுத்தது. இது ஆபரேஷன். மூணு மாசம் என்ன ஒருத்தியும் கூப்புடல. நானும் போவல. எல்லாருக்கும் தெரியும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கும்தான் ஆச்சி, பாருங்க" என்று என் நான்கு புள்ளிகளைக் காட்டினேன். காட்டியிருக்கவே கூடாது. பிறகு ஒருத்தி இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "அப்ப நீயும் வாக்கா. ஆளு கொறச்சலாத்தான் கீது."

மலை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்கள். பச்சையம்மாவும் சிரித்தாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்குத் தெரிந்த வழியில் விளக்கிப் பார்க்கலாம் என்று ஒரு கிழிந்த சாக்கைக் கேட்டு வாங்கினேன். பையில் எப்போதும் ஊசி நூல் இருக்கும். உள்பக்கமாக ஒட்டுத் துணி வைத்து நாலு தையல் போட்டுத் திருப்பிக் காட்டினேன். "வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல பாருங்க. உள்ள எவ்ளோ வேல. இப்டித்தான் இவ வயித்துல பண்ணியிருக்காங்க. வெளிய சின்னதா தெரியறதுக்கே தனியா படிச்சிட்டு வர்றாங்க."

காளியம்மா சாக்கை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். "நல்லா தச்சிருக்கம்மா" என்றாள். சாக்கை நிலத்தில் போட்டு ஒரு கட்டுச் சாமையை அதில் திணித்துத் தூக்கித் தோளில் வைத்தாள். ஒட்டு பிரியவில்லை. "இப்டி தச்சா அன்னிக்கே மூட்டை போடலாம்ல. அப்பறம் இன்னா?"

 சணலுக்கும் சதைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கத்தலாம். கத்தினால் அறுப்பு நின்றுவிடுமா. அவர்கள் வரிசை பிடித்து அறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று முழுவதும் வரப்பில் உட்கார்ந்து பச்சையம்மாவின் தலையில் ஏறுகிற கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கட்டாகக் கட்டு என்றேன். சின்னக் கட்டாகக் கட்டினாள், மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அடுத்தது பெரிய கட்டாகிவிட்டது. வெயில் சாய்கிற நேரம், களத்துப் பாறை ஏறும்போது அவள் நின்றாள். கட்டை அப்படியே நழுவ விட்டு, தொப்புளின் மேல் கையை வைத்துக் குந்தி உட்கார்ந்தாள். நான் ஓடினேன். ஓடக் கூடாது என்பதும் ஓடும்போதுதான் ஞாபகம் வந்தது.

முகம் வெளுத்திருந்தது. படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தேன். பழைய புடைப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில், "சுருக்குன்னு இழுத்துச்சி, இப்ப இல்ல" என்றாள். சுற்றி நின்றவர்களில் ஒருத்தி, "வெயில்ல தல சுத்தும், மோர் குடி" என்றாள். வெயிலாம். கார்த்திகை வெயில்.

பொழுது இறங்க வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மா கதவைச் சாத்தினாள். "அக்கா, நீ டைலருதான? எனக்கு ஒரு கட்டு போட்டுவுடு. பெரிசா."

எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி இருந்தேன். "இன்னாத்துக்கு? காயம் ஆறிடுச்சே."

"ஆறுன காயத்துக்கு எவளும் மரியாத குடுக்கல. இன்னும் அஞ்சி வூடு கீது."

பொய் சொல்வதா. அதுவும் வயிற்றில் கட்டிக்கொண்டு. சாமி குத்தம் ஆகிவிடாதா, நிஜமாகவே காயம் வந்துவிடாதா, அவள் வயிறு இறுகி மூச்சு முட்டாதா என்று எனக்கு நூறு யோசனை. வயிற்றுக்குப் பெல்ட் போட்டுக்கொண்ட பெண்களை அந்த வார்டிலேயே பார்த்திருக்கிறேன், தளர்வாகக் கட்டினால் கெடுதல் இல்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் உண்மையான காயத்தை மூடிவைத்துவிட்டுப் பொய்க் கட்டைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

கோவிந்தன் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். நல்ல நாளுக்கு வைத்திருந்த வேட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். "கிழிச்சிக்கோங்க" என்றார். இரண்டு நாளில் அவர் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். கிழித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவதும் பேசினார். "குங்குமத்த கொழச்சி கொஞ்சம் செவப்பா..."

"ரத்தம் எல்லாம் வேணாங்க" என்றேன். கடைசியில் மஞ்சள் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தோம், மருந்து மாதிரி. துணியின் ஓரம் பிசிறு பிசிறாக இருந்ததால் மடித்து ஓட்டுத் தையல் போட்டு, மூன்று சுற்று வருகிற மாதிரி கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பச்சையம்மா வரவில்லையே என்று காளியம்மாவே வீட்டுக்கு வந்தாள். பச்சையம்மா படுத்திருந்தாள். கட்டைப் பார்த்ததும் காளியம்மாவின் முகம் மாறியது. கோவிந்தனைப் பார்த்து, "கட்டு போட்டவள தண்ணிக்கு அனுப்புனியாயா? அறிவு கீதா உனக்கு?" என்று ஒரு பிடி பிடித்தாள். முந்தின நாள் இவள் தலையில் சாமைக் கட்டை ஏற்றிவிட்டதே இந்தக் காளியம்மாதான். எனக்கு நாக்கு துடித்தது. பச்சையம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள், வாயை மூடிக்கொண்டேன்.

கோவிந்தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். காளியம்மா குனிந்து கட்டைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் நெருடினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"டைலரம்மா, எந்த ஆஸ்பத்திரில கட்டுக்கு ஓரம் மடிச்சி தச்சி அனுப்புறாங்க?"

 முப்பது வருஷப் பழக்கம், பிசிறைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பச்சையம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேத்து பாறையில உக்காந்தாளே, அப்பவே எனக்குத் தெரியும், அது வெயில் இல்ல" என்றாள் காளியம்மா.

"தெரிஞ்சா வுட வேண்டிதுதான?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"எத காட்டி வுடறது? எனக்குத் தெரிஞ்சா போதுமா, ஏழு வூட்டுக்காரிக்கும் தெரியணும். நான் சும்மா வுட்டா, சேக்காளின்னு வுட்டேம்பாங்க. நாளிக்கு ஒவ்வொருத்தியும் வயித்த புடிச்சிகினு படுத்துக்குவா. செட்டு ஒடஞ்சிடும். செட்டு ஒடஞ்சா மலையில எவ அறுப்பா? நீ வர்றியா?" கட்டின் முடிச்சைக் கையில் எடுத்தாள். "இதுகூட அவுந்துடும். நல்லா பக்கவாட்டுல போடு. அந்த ஓரத்தையும் பிரிச்சி வுடு, மத்தவளுங்க வர்றதுக்குள்ள."

வாசலில் உட்கார்ந்து, அழகாகப் போட்ட தையலை நானே ஊசியால் பிரித்தேன். என் வேலையைக் குறை சொல்லிப் பிரிக்கச் சொன்னவர்கள் உண்டு. சரியாக இருக்கிறது என்பதற்காகப் பிரிக்கச் சொன்னது அவள் ஒருத்திதான். கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. காளியம்மாமேல் படலாம் என்றால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கிழிக்காமல் குணமாக்க வேண்டும் என்று அத்தனை பாடுபட்ட டாக்டர்கள், கிழிக்காததை வீட்டில் நம்ப மாட்டார்கள் என்பதை யோசித்தார்களா? ஒரு பெரிய பட்டையான கட்டை மேலே சுற்றி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

மற்ற பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். மாடு நக்கினதைச் சொன்னவளே ஒரு குண்டான் களி கொண்டுவந்தாள். பச்சையம்மாவுக்குக் களத்தில் கோழி ஓட்டுகிற வேலை என்று முடிவானது. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், ஆள் கணக்கிலும் சேரும். அறுப்பு முடிந்ததும் தானே கீழே அழைத்து வந்து டாக்டரிடம் காட்டுவதாகக் காளியம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "எனக்கும் அந்த டிவி ஆபரேஷன பாக்கணும்" என்றாள்.

என் தூக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மஞ்சள் பட்ட நீளமான வேட்டித் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது, கோவிந்தன் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டார், ஏதாவது துடைக்க உதவும் என்று. இறங்குகிற பஸ்ஸில் எனக்குச் சீட் கிடைத்தது, தேன் கசிந்தது, திட்டு வாங்கினேன், சொல்லிவிட்டேனே.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமல், "வந்துட்டியா? ரெண்டு பேரு ப்ளவுஸ் கேட்டுட்டுப் போனாங்க. காலைல வெச்ச தண்ணிக்குடம் அப்டியே கீது. ராத்திரிக்கு இன்னா செய்யப் போற?" என்றார்.

நான் நேராக உள்ளே போய்ப் பையைத் திறந்தேன். மஞ்சள் தெளித்த துண்டு, கோவிந்தன் மடித்துக் கொடுத்தபடியே இருந்தது. புடவைக்கு மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, காளியம்மா சொன்ன மாதிரி பக்கவாட்டில் முடிச்சுப் போட்டு, வெளியே வந்து நின்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். டிவியை அணைத்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னாச்சி? யாரு கட்டு போட்டது?"

"ஆபரேஷனுக்கு."

"எந்த ஆபரேஷனு?"

"அதேதான். கல்லு எடுத்தது."

அவர் கொஞ்ச நேரம் கட்டையே பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சொன்னேன். பருப்பு எங்கே என்று கேட்டார், அதையும் சொன்னேன். அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. கேஸ் குழாயைச் சரியாகத் திருப்பினாரா என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. உட்கார்ந்து துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பிசிறு கையில் வந்தது. மடித்துத் தைக்காமல் அப்படியே விட்டேன்.